பொன்மலையில் விழாத ஸ்கைலாப்

என் பிரியமான அண்ணிக்கு,

இன்று காலையில் காபியை ஆற்றிக்கொண்டே ஃபோனைப் பார்த்தேன். ஏதோ ஒரு நாட்டுக்காரன் விட்ட பழைய செயற்கைக்கோள் கடலில் விழுந்துவிட்டதாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை, அடுத்த செய்தி தங்கம் விலை. நான் மட்டும் அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். சிரித்த கையோடு உங்களுக்கு ஃபோன் போடப் போய்விட்டேன். உங்கள் பெயர் இன்னும் மேலேதான் இருக்கிறது, எடுக்க மனசு வரவில்லை. விரல் அதன் மேல் போன பிறகுதான் நீங்கள் இல்லை என்பதே உறைத்தது.

மாசியில் போனீர்கள். இப்போது ஆடி பிறந்துவிட்டது. உங்களிடம் சொல்ல வேண்டியது அவ்வளவு சேர்ந்து கிடக்கிறது.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். வெளியூர் பஸ்களை எல்லாம் பஞ்சப்பூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெரிய பஸ் ஸ்டாண்டுதான், ஏர்போர்ட் மாதிரி இருக்கிறது, ஆனால் எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் என் முழங்கால் போய்விடும். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா மண்டபத்துப் படித்துறைப் பக்கம் போக முடியவில்லை, அவ்வளவு கூட்டம். பொன்மலைப்பட்டியில் உங்கள் வீட்டு முருங்கை காய்த்துத் தொங்குகிறது, பறிக்கத்தான் ஆளில்லை.

எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. ஒரு கேள்வி தொண்டையிலேயே நிற்கிறது. நேரில் கேட்டிருந்தால் தலையில் நறுக்கென்று குட்டியிருப்பீர்கள். நீங்கள் இல்லாத இடத்தில் யாரிடம் கேட்பது? அண்ணி, எனக்கு இன்னும் பிறந்த வீடு இருக்கிறதா?

நமக்கு எல்லாம் ஆரம்பித்தது ஸ்கைலாப் வருஷத்தில். எழுபத்தொன்பது என்று யாராவது சொன்னால் எனக்குச் சட்டென்று பிடிபடாது. ஸ்கைலாப் வருஷம் என்றால் வாசலில் போட்டிருந்த கோலம் வரைக்கும் ஞாபகம் வரும். அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்து, ரயில்வே பணிமனையில் அவருடைய வேலை அண்ணனுக்குக் கிடைத்து, பொன்மலை குவார்ட்டர்ஸ் எங்களிடமே நின்ற நேரம். வீட்டில் அம்மா, அண்ணன், எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான். ஆனி மாத முகூர்த்தத்தில் உப்பிலியபுரத்திலிருந்து நீங்கள் வந்தீர்கள், ஒரு டிரங்குப் பெட்டியும் வழுக்கி வழுக்கி விழும் நைலக்ஸ் புடவையுமாக. புடவையைக் கட்டியிருந்தீர்களா, பிடித்துக்கொண்டிருந்தீர்களா என்றே தெரியவில்லை.

அப்போது ஊர் முழுக்க ஒரே பேச்சு. அமெரிக்காக்காரன் ஆகாயத்தில் கட்டிவிட்டிருந்த பெரிய கூடம், ஆட்கள் தங்கி ஆராய்ச்சி செய்த இடம், பிடிமானம் விட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. எங்கே விழும் என்று விட்டவனுக்கே தெரியாது. ரேடியோவைத் திறந்தால் ஸ்கைலாப், பேப்பரைப் பிரித்தால் ஸ்கைலாப். வேறு ஊர்க்காரர்கள் சிரித்திருக்கலாம். திருச்சிக்காரர்கள் நாம் எப்படிச் சிரிப்பது? இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் வெள்ளம் வந்து வீடுகளை மூழ்கடித்துவிட்டுப் போயிருந்தது. அதைக்கூட முந்தின நாள் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அதனால் இதை முழுசாக நம்பினோம்.

நம் குவார்ட்டர்ஸ் லைனில் அந்த வாரம் நடந்த கூத்து உங்களுக்கும் நினைவிருக்கும். முட்டைக்காக வளர்த்த கோழிகளை எல்லாம் அடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். பீரோவில் வைத்துப் பூட்டியிருந்த பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு ஒரு அக்கா துணி துவைத்தார். பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி அக்கா கையில் ஜெபமாலையை வைத்துக்கொண்டே எண்ணெய்ச் சட்டியில் முறுக்குப் பிழிந்தார். சாகிறதுக்கு முன்னால் ஒரு படம் பார்த்துவிடலாம் என்று கிளம்பிய கூட்டத்தில் தியேட்டரில் டிக்கெட் கிடைக்கவில்லை. அம்மா மட்டும் எதையும் அனுபவிக்கவில்லை. இரும்புக் கட்டிலைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு, "ரயில்வே இரும்பு, எதையும் தாங்கும், சங்கு ஊதினா எல்லாரும் அடியில போயிருங்க" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

சங்கு என்றது பணிமனையில் வேலை நேரத்துக்கு ஊதும் சங்கை. ஆபத்து என்றால் சங்கு ஊதிச் சொல்வார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அந்தச் சங்குச் சத்தத்தில்தான் நாங்கள் பிறந்தோம், பள்ளிக்கூடம் போனோம், உலை வைத்தோம். தினமும் காலையில், மத்தியானத்தில், சாயங்காலத்தில் அது ஊதும் என்பது பொன்மலையில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தப் புதன்கிழமை மட்டும் மொத்த லைனுக்கும் மறந்துபோய்விட்டது.

மத்தியானச் சங்கு ஊதியது. ஐயோ அண்ணி, அந்த ஓட்டம்! கொடியில் துணி அப்படியே நிற்கிறது, அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, ஆரோக்கியமேரி அக்கா "மாதாவே" என்று கத்துவது எங்கள் வீட்டுக்குள் கேட்கிறது. அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தானும் வந்து விழுந்தார். "ஏம்மா, நீயும் வாம்மா உள்ள!" என்று உங்களைக் கூப்பிட்டார்.

அங்கிருந்து பார்த்தால் உங்கள் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. மஞ்சள் மங்காத பாதம், புது மெட்டி. அந்தக் கால்கள் அடுப்படியிலிருந்து நிதானமாக நடந்து வந்து கட்டிலுக்கு முன்னால் நின்றன. "அத்தை, சங்கு ஊதிருச்சு. அவங்களுக்குத் தட்டு எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டீர்கள்.

சங்கு ஊதினால் புருஷன் சாப்பிட வருவான், சோறு போட வேண்டும் என்று உங்களுக்கு வந்த அன்றைக்கே அம்மாதான் சொல்லிக்கொடுத்திருந்தார். எங்களுக்கெல்லாம் பழகிப்போன சத்தம் பயத்தில் வேறாகக் கேட்டது. புதிதாக வந்த உங்களுக்குத்தான் அது உள்ளது உள்ளபடி கேட்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். லைனில் ஈ காக்கை இல்லை. வீட்டில் புதுப்பெண்டாட்டி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அம்மா எங்க?" என்றார்.

"கட்டிலுக்கு அடியில இருக்காங்க" என்றீர்கள்.

அண்ணன் குனிந்து எங்களைப் பார்த்தார், நிமிர்ந்து உங்களைப் பார்த்தார். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாத வயசு. ஆனாலும் அந்தப் பார்வையில் என்னமோ இருந்தது என்பது மட்டும் தெரிந்தது. அம்மா புடவையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்து, "எலி ஒண்ணு ஓடுச்சு, அதான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அடக்கின சிரிப்பை நாம் இரண்டு பேரும் அதற்குப் பிறகு எத்தனை வருஷம் சிரித்தோம்!

அன்று சாயங்காலமே உங்கள் அப்பா வந்து நின்றார். வயலிலிருந்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறார், வேட்டியில் சேறு காயவில்லை. கையில் ஒரு பழம்கூட இல்லை. ஆடிக்குப் பெண்ணை அழைத்துப்போக வருகிற சம்பந்தி சீர்த்தட்டோடு வருவார் என்று காத்திருந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"சம்பந்தியம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஆடிக்கு இன்னும் நாள் இருக்குதுதான். புள்ளைய முன்னாடியே கூட்டிட்டுப் போயிடறேன்" என்றார்.

"சொல்லாம கொள்ளாம இப்படி வந்து நின்னா லைன்ல என்ன நினைப்பாங்க? மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் அம்மா.

"வானம் விழப்போற நேரத்துல மொறையை எங்கங்க பாக்குறது? விழுந்தா எம்புள்ள எங்கண்ணு முன்னால இருக்கட்டும்."

அவர் குரல் உடைந்துவிட்டது. நீங்களும் அழுதுவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஏம்ப்பா, நம்ம ஊர்ல மட்டும் விழாதா? பச்சமலை குறுக்க நின்னு தடுத்துருமா? மொதல்ல கைகால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றீர்கள். அடுப்படிக்குள் வந்த பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். துடைத்த அந்தக் கையாலேயே அரிசிப் பானையைத் திறந்து, "எங்கப்பாவும் ஒரு ஸ்கைலாப்தான் வசந்தா. எப்ப வருவாரு, எங்க விழுவாருன்னு யாருக்கும் தெரியாது. இன்னொரு கை அரிசி போடு" என்றீர்கள்.

நம் வீட்டில் அந்தச் சொல் புழங்க ஆரம்பித்தது அப்போதுதான்.

மறுநாள் காலையில் தெரிந்துவிட்டது, எல்லாம் ஆஸ்திரேலியாப் பக்கமும் கடலிலுமாக விழுந்துவிட்டது என்று. உங்கள் அப்பா அண்ணனிடம், "ஆஸ்திரேலியாவுல நமக்கு வேண்டியவங்க யாரும் இல்லையே மாப்ளே?" என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டு, நிம்மதியாகக் காபி குடித்தார். "நமக்கு இல்லாட்டி என்னப்பா, அங்க இருக்கறவங்களும் யாருக்காவது வேண்டியவங்கதானே?" என்றீர்கள் நீங்கள். அம்மா உங்களைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு சீர்த்தட்டைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அந்த வாரமே டில்லியில் பிரதமர் ராஜினாமா செய்துவிட்டார். "ஸ்கைலாப் விழும்னு பார்த்தா கவர்மெண்டுல்ல விழுந்துருச்சு" என்று லைனெல்லாம் பேசிச் சிரித்தார்கள். இரண்டு நாள் போய் உங்கள் அப்பா முறையாகத் தட்டு, பூ, பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து உங்களை ஆடிக்கு அழைத்துப் போனார்.

அந்த ஆடி மாதம் அண்ணன் பட்ட பாடு உங்களுக்கு முழுசாகத் தெரியாது. சிலோன் ரேடியோவில் பாட்டுப் போட்டால் சத்தத்தைக் கூட்டுவார், அம்மா வந்தால் குறைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுசாகத் தைத்த பெல்பாட்டத்தை மாட்டிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனார். உங்கள் ஊர் வழிக்குப் போகிற துறையூர் பஸ் நின்றது, ஏறவில்லை. மாமனார் வீட்டிலிருந்து இன்னும் யாரும் வந்து கூப்பிடவில்லையே, எப்படிப் போவது? பஸ் புறப்படும் வரை பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். ஆடிப்பெருக்குக்கு உங்கள் அப்பா வந்து மாப்பிள்ளையை அழைத்த பிறகுதான் உப்பிலியபுரத்து மண்ணை மிதித்தார். கூப்பிடாத வீட்டுக்குப் போகாத மனுஷன். தங்கச்சி வீட்டுக்குக்கூடப் பத்திரிகை வைத்தால்தான் வருவார் என்று நான் எத்தனை தடவை உங்களிடம் சண்டை பிடித்திருப்பேன்?

ஆவணியில் நீங்கள் திரும்பி வந்த பிறகு நமக்கு மண்ணெண்ணெய் கியூதான் பேச்சு மேடை. ஈரானில் ராஜா நாட்டை விட்டு ஓடினதற்கும் நாம் டின்னைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்பதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அண்ணன் ஒருநாள் நீளமாக விளக்கினார். "ஓடினவரு போற வழியில நமக்கு ஒரு லிட்டர் ஊத்திட்டுப் போயிருக்கலாம்" என்றீர்கள். சீமையில் சோதனைக் குழாயில் குழந்தை பிறந்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அப்ப வளைகாப்புல வளையலை யாருக்குப் போடுறது, குழாய்க்கா?" என்று கேட்டு முன்னால் நின்ற பொம்பளைகளை எல்லாம் சிரிக்க வைத்தீர்கள். அந்தக் கியூ நகராமலே இருந்தால் தேவலை என்று எனக்கு இருக்கும்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். இவருக்குப் பாத்திரக்கடை, எனக்குக் கூட்டுக்குடும்பம். மனசு சரியில்லை என்றால் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிவிடுவேன். ஜங்ஷனில் இறங்கி இன்னொரு பஸ் மாறி, கேட்டைத் திறக்கும்போதே உங்கள் குரல் கேட்கும். "வந்துருச்சு பாருங்க ஸ்கைலாப்!" உள்ளே பார்த்து, "இன்னொரு கை அரிசி!" என்பீர்கள். அரிசி போடுகிறவரும் நீங்கள்தான், சொல்வது யாரிடம் என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை.

ஒரு தடவைகூட ஏன் வந்தாய் என்று நீங்கள் கேட்டதில்லை. மாமியாரோடு சண்டையா, இவரோடு சண்டையா, சும்மாதான் வந்தேனா, ஒன்றும் கேட்கமாட்டீர்கள். அரிவாள்மணையை நகர்த்திவிட்டு நாலு கத்திரிக்காயை என் பக்கம் உருட்டிவிடுவீர்கள். நான் நறுக்கிக்கொண்டே கொட்டித் தீர்ப்பேன். சாயங்காலம் பஸ் ஏறும்போது எனக்கு என் வீட்டு ஞாபகம் வந்திருக்கும்.

அம்மா போனபோது கருமாதி முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். நானும் பையை எடுத்தேன். வாசல் வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அத்தை போயிட்டாங்கன்னு ஃபோன் பண்ணிட்டு வர்ற வேலையெல்லாம் வச்சுக்காத. ஃபோன் வந்துச்சுன்னா நான் கதவைத் திறக்கமாட்டேன், ஆமா." குவார்ட்டர்ஸை விட்டுப் பொன்மலைப்பட்டியில் சொந்த வீடு கட்டிப் போன பிறகும் அப்படித்தான் வந்துபோனேன். எந்தச் சுவரையும் நான் பிறந்த வீடு என்று நினைக்கவில்லை அண்ணி. உங்களைத்தான் நினைத்தேன்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். நீங்கள் போன பிறகு உங்கள் பிள்ளை செந்தில் அப்பாவைப் பெங்களூருக்கு வந்துவிடச் சொன்னான். அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். தனியாக இருக்கிறாரே என்று கேட்டில் ஒரு கேமரா மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். யார் வந்தாலும் அவன் ஃபோனில் மணி அடிக்கும், அங்கிருந்தே பேசுவான். உங்கள் மருமகளும் நல்ல பெண்தான், குறை சொல்லமாட்டேன். "அத்தை, மாமா பகல்ல தூங்கிடறாங்க, வர்றதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போட்டுருங்களேன்" என்று பதவிசாகத்தான் சொன்னாள். அதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சித்திரையில் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். கேட் பூட்டியிருந்தது. இரண்டு தடவை பெல்லை அடித்தேன். திடீரென்று சுவரிலிருந்து, "யாருங்க?" என்று ஒரு குரல். தூக்கிவாரிப்போட்டது.

"செந்தில், நாந்தாம்ப்பா."

"அத்தை! நீங்களா? சொல்லிட்டு வந்திருக்கலாம்ல? அப்பா மாத்திரை போட்டுட்டுத் தூங்குவாரு. இருங்க, ஃபோன் பண்ணி எழுப்பறேன்."

"எழுப்பாதப்பா. நான் சும்மா இந்தப் பக்கமா வந்தேன். அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டேன். இந்தப் பக்கமா வந்தேனாம்! வழியில் போகிறவள் மாதிரி. பிள்ளை பாசமாகத்தான் பேசினான், பெங்களூரில் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு அவனால் வேறு என்ன செய்ய முடியும்? முருங்கை நிழலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே நீங்கள் இருந்து, அரிசி களைகிற சத்தம் கேட்காதா என்று இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்ரீரங்கம் வரும் வரை அழுதேன். கண்டக்டர் பையன் டிக்கெட் கேட்கத் தயங்கினான்.

அதிலிருந்து ஃபோன்தான். "அண்ணே, வரட்டுமா?" என்பேன். "இந்த வெயில்ல என்னத்துக்கு அலையுற?" என்பார். மழை பெய்தால் மழை. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நானும் போகவில்லை. நீங்கள் இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும் பிடித்து உலுக்கியிருப்பீர்கள்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இத்தனையும். இவர் கடைக்குப் போயிருந்தார். நான் குக்கரை இறக்கிவிட்டு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழலாடியது. எட்டிப் பார்த்தால் அண்ணன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறார், கையில் பை இல்லை, ஒன்றுமில்லை. செருப்பைக் கழற்றாமல் படியில் நிற்கிறார்.

பயந்தே போனேன். "என்னண்ணே, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. சும்மாதான்... நீ வேலையா இருந்தா நான் போயிட்டு வரேன்."

கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை, உங்களிடம் அந்த மட்டுக்காவது கற்றுக்கொண்டிருக்கிறேன். தட்டை வைத்தேன். சாம்பார் சாதம் சாப்பிட்டார், ரசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்கண்ணே" என்றேன். அவர் கை தட்டில் அப்படியே நின்றுவிட்டது.

"மெஸ்ஸுலேர்ந்து கேரியர் வருது வசந்தா. குத்தம் சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருக்கு. என்ன, தட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்தா, இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்கன்னு சொல்ல ஆளில்ல" என்றார்.

நான் அடுப்படிக்குள் போய் மோரைத் தேடுவது போல நின்றேன். அண்ணி, உங்களை நினைத்து நான் எனக்காகவே அழுதுகொண்டிருந்தேன். அவருக்கும் இருந்த ஒரே போக்கிடம் நீங்கள்தான் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. உங்கள் வீட்டு வாசலில் நான் நின்றேன், அவர் உள்ளே இருந்தார். இருந்து என்ன? அவருக்கும் அந்த வீட்டில் நுழைய வழி தெரியவில்லை.

ஃபேனுக்குக் கீழே பாயைப் போட்டுக் கொடுத்தேன். அசந்து தூங்கினார், குறட்டை தெருவுக்கே கேட்டது. எழுந்ததும் காபி குடித்தார். இவர் வந்ததும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். கிளம்பி வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அடுத்த வாரம் ஒருநாள் வரட்டுமா வசந்தா?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்துவிட்டது. என் அண்ணன் என் வீட்டுக்கு வர என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்பதா? "கேட்டுட்டு வர்றதா இருந்தா வரவே வேண்டாம்ணே" என்று கத்திவிட்டேன். எதிர்வீட்டு மாமி கோலப்பொடியோடு நிமிர்ந்து பார்த்தார்.

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்ப நீ மட்டும் ஏன் ஒவ்வொரு தடவையும் ஃபோன்ல கேக்குற?" என்றார்.

நான் வாசற்படியில் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன் அண்ணி. "நீ வரட்டுமான்னு கேக்குறப்ப எனக்கு வான்னு சொல்ல வரல. அவ இருந்தப்ப நீ கேட்டதே இல்லையேன்னு தோணும். பேச்சை மாத்திருவேன்" என்றார். சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். தெருக்கோடி திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நடையில் நல்ல தளர்ச்சி.

நாளைக்குக் காலையில் கிளம்புகிறேன். யாரிடமும் சொல்லவில்லை. கேமராவில் செந்தில் பார்த்தால் பார்க்கட்டும், அண்ணன் தூங்கினால் எழுப்பிக் கதவைத் திறக்கச் சொல்லுவேன். கேரியர் சாப்பாடு பாட்டுக்கு வரட்டும், நான் உங்கள் அடுப்பைப் பற்றவைத்து உலை வைப்பேன். அவர் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போதும் போதும் என்று கையால் தட்டை மூடுகிற வரைக்கும் கேட்டுக் கேட்டுப் போடுவேன். என் உடம்பில் தெம்பு இருக்கிற வரை அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாளைக் குறைத்துக்கொண்டே வருவேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

உங்கள் இடத்தில் நின்று உங்களை மாதிரி என்னால் சிரிக்க முடியாது. அதற்கு மட்டும் என்னை மன்னித்துவிடுங்கள்.

என்றும் உங்கள் அன்பு நாத்தனார்,
வசந்தா